நாற்பத்தோராவது புள்ளி

ஒன்பதாவது பிரதியில் ஒரு புள்ளி கூடுதலாக இருந்தது.

குணலட்சுமி அதை முதலில் அழுக்கு என்றுதான் நினைத்தாள். அமோனியாக் குழாயிலிருந்து உருவிய தாள் மூக்கைக் குத்தும் மணத்தோடு மேசையில் சுருண்டு கிடந்தது. நான்கு மூலைக்கும் நான்கு கல் வைத்து அதை விரித்தாள். கண்ணில் வழிந்த நீரைச் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டு, குருநகர்க் கரையோரத்தில் நின்ற அந்த ஊதாப் புள்ளியை நகத்தால் சுரண்டினாள். போகவில்லை. தாளுக்குள்ளேயே இருந்தது.

"மூதேவி" என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

பிரதி எடுக்கும் மஞ்சள் தாள் இன்னும் மூன்றுதான் மிச்சம். கொழும்பு பன்னிரண்டு பிரதி கேட்டிருந்தது. எட்டுப் பிரதிகள் போன மாதமே கப்பலில் போய்விட்டன. ஒன்றிலும் இந்தப் புள்ளி இல்லை. எல்லாம் ஒரே மூலப்படத்தில் எடுத்தவை.

மின்சாரம் போய் இரண்டு வருடமாகிறது. நிலப்படம் கீறும் அரசாங்கக் கந்தோரை உரும்பிராயில் ஆட்கள் விட்டுப் போன ஒரு வீட்டுக்கு மாற்றியபோது பிரதி இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அது இப்போது கூடத்தில் பல்லி முட்டையிடும் பெட்டி. குணலட்சுமி வெயிலில் பிரதி எடுத்தாள். யன்னலிலிருந்து கழற்றிய பெரிய கண்ணாடி. அதன் கீழே ட்றேசிங் தாளில் மையால் கீறிய மூலப்படம். அதன் கீழே மஞ்சள் தாள். முற்றத்தில் உச்சி வெயிலில் மூன்று நிமிடம். மை இருந்த இடத்தில் வெயில் படாது. வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்துப்போகும், படாத இடம் மட்டும் தாளில் நிற்கும். பிறகு தகரக் குழாய்க்குள் அமோனியாப் புகையில் பத்து நிமிடம் விட்டால் நின்றது ஊதாவாக எழும்பும். இதில் மாயமில்லை. வெயிலை எது மறித்ததோ அது விழும்.

அப்படியானால் அந்த இடத்தில் வெயிலை எதுவோ மறித்திருக்கிறது.

மூலப்படத்தைத் தூக்கி யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தாள். வலிகாமப் பகுதி முழுவதும் புள்ளிகள். நூறு பேருக்கு ஒரு புள்ளி. கோவிலடியில் நெருக்கமாக, தோட்டங்களில் ஐதாக, சண்டையில் ஆட்கள் எழும்பிப்போன வடக்கில் ஒன்றுமில்லாமல். குருநகர்க் கரையில் அந்த இடத்தில் மை இல்லை. பிளேட்டால் சுரண்டிய தழும்பு மட்டும் இருந்தது, சொரசொரப்பாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும்.

அந்தத் தழும்பு அவளுக்குத் தெரியும். அவள் செய்தது.

"பிள்ளை, கண்ணாடியைக் கெதியா உள்ளுக்கை கொண்டு வா!" உள்ளறையிலிருந்து அருளம்பலம் கத்தினார். உதவிப் பணிப்பாளர். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. "மேலை ஹெலி சுத்துற சத்தம் கேக்கேல்லையே? கண்ணாடி மின்னினால் எங்களைத் தேடி வந்து சுடுவான்."

அவள் கண்ணாடியைத் தூக்கினாள். அது கையைச் சுட்டது. அதுவும் அவளுக்குக் கோபத்தைத்தான் தந்தது. இந்த இரண்டு மாதமாக எது பட்டாலும் கோபம்தான் வந்தது.

*

கடிதம் மாசி மாதம் வந்தது. கொழும்பில் ஓர் அமைச்சின் முத்திரை. குடாநாட்டின் சனத்தொகைப் படம் தேவை. உணவு லொறிகள் அந்தப் படத்தின்படி பிரிக்கப்படும். நூறு பேர் நிறையாத இடங்களுக்குப் புள்ளி இடலாகாது. மிகைப்படுத்தல் தவிர்க்கப்பட வேண்டும்.

ஐம்பதுக்கு மேல் இருந்தால் ஒரு புள்ளி. குணலட்சுமி படித்த விதி அது. இருபது வருடமாக அப்படித்தான் கீறினாள். அந்த விதியில் அகதிகள் தங்கியிருந்த சின்ன முகாம்களுக்கும் ஒவ்வொரு புள்ளி கிடைத்தது. கொழும்பின் விதியில் நாற்பத்தொரு முகாம்கள் இல்லாமல் போயின.

"மிகைப்படுத்தலோ?" அன்றைக்கு அவள் அருளம்பலத்தின் மேசையில் கடிதத்தை அடித்தாள். "வசாவிளானிலை இருந்து நாங்கள் உடுத்த துணியோடை ஓடி வந்தது மிகைப்படுத்தலோ சேர்?"

"என்னோடை ஏன் பாயிறாய்? நானோ உந்தக் கடிதத்தை எழுதினது?"

"நீங்கள்தான் கையெழுத்து வைக்கிறியள்."

"நான் வைக்காட்டில் ஒரு லொறியும் வராது." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "நாப்பத்தொண்டைக் குடுத்து மிச்சத்தைக் காப்பாத்திறம் எண்டு நினை. நினைச்சுக்கொண்டு சுரண்டு. மொத்தம் சரியா இருக்கவேணும். அவ்வளவுதான் கொழும்பிலை பாப்பினம்."

அவள் சுரண்டினாள். புது பிளேட்டைக் குறுக்கே முறித்து, கூரான மூலையால், ஒவ்வொரு புள்ளியையும் தூள் தூளாக எழுப்பி ஊதினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு. நாற்பது புள்ளி, நாற்பது வசவு. பட்டியலில் கடைசியாக இருந்தது இணுவில் பாடசாலை. தொண்ணூற்றாறு பேர்.

நான்கு பேர் குறைவு.

அந்தத் தொண்ணூற்றாறில் ஒருத்தி அவள். இன்னொருவர் அவள் கணவன் தியாகராசா. பஸ் சாரதியாக இருந்தவர், இப்போது முகாமில் கஞ்சி காய்ச்சுகிறவர். இன்னொருத்தி மகள் அருந்ததி. ஏழு வயது. கஞ்சி குடித்து முடிந்ததும் கோப்பையை வழித்து நக்கி, தலையில் தொப்பிபோலக் கவிழ்த்துக்கொண்டு முகாம் முழுக்கத் திரிவாள். ஒரு துளியும் வடியாது. அதைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். குணலட்சுமிக்குச் சிரிப்பு வராது.

பிளேட் இணுவிலின் மேல் நின்றது. பிறகு அது தெற்கே போனது. குருநகர்க் கரையில் வலைக்கொட்டில். தீவுப் பக்கமிருந்து வந்த மீன்பிடிச் சனம் தங்கியிருந்த இடம். நூற்றுநான்கு பேர். கொழும்பின் விதியிலும் அவர்களுக்கு ஒரு புள்ளி உண்டு.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஊதினாள். தூள் பறந்தது. மொத்தம் சரியாக இருந்தது.

நாற்பது புள்ளிகள் கொழும்பினுடையவை. நாற்பத்தோராவது அவளுடையது.

*

வலைக்கொட்டிலில் இருந்தவர்களில் ஒருத்தி மக்டலீன். கந்தோரைக் கூட்டி, தேத்தண்ணி வைக்கிற மனிசி. ஐம்பது வயதிருக்கும். குருநகரிலிருந்து ஐந்து மைல் நடந்தே வருவாள், நடந்தே போவாள். வலது கைச் சுண்டுவிரலில் பாதி இல்லை. சின்ன வயதில் தூண்டில் நரம்பு சுற்றி இழுத்து அறுத்தது.

"ஒரு பாரை மீன் கொண்டு போட்டுது அம்மா" என்பாள், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும். "அது என்ரை விரலைத் திண்டுது. அதின்ரை சாதி சனத்தை நான் இண்டைக்கும் விடேல்லை. திண்டுகொண்டுதான் இருக்கிறன்."

தேத்தண்ணிப் பேணியை மேசையில் வைக்கும்போது அந்த அரைவிரல் தகரத்தில் முட்டும். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். குணலட்சுமி நிமிராமலே, தேத்தண்ணி வந்துவிட்டது என்று அறிந்துகொள்வாள்.

முதல் பிரதிகள் போய் மூன்றாம் வாரம் அந்தச் சத்தம் கேட்டு, அவள் பேணியை எடுத்துக் குடித்து முடித்த பின்னும் மக்டலீன் போகாமல் நின்றாள்.

"அம்மா, எங்கடை இடத்துக்கு லொறி வரேல்லை. மூண்டு கிழமை."

"வரும், மக்டலீனக்கா."

"வராதாம். சங்கக்கடைக் கிளாக்கர் கொழும்பிலை இருந்து வந்த படத்தை விரிச்சுப் பாத்திட்டுச் சொல்லுறான், உங்கடை இடத்திலை புள்ளி இல்லை, புள்ளி இல்லாத இடத்துக்கு லொறி இல்லையெண்டு. நூத்தி நாலு பேர் இருக்கிறம். ஊர் விதானையார் தலை தலையா எண்ணிக்கொண்டு போனவர். நாலு குழந்தையளுக்கு வயித்தாலை போகுது. கடலுக்குப் போனால் நேவி சுடுறான்." அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கிளாக்கர் சொன்னான், படத்தைக் கீறினவையைப் போய்க் கேள் எண்டு. நீங்கள்தானே கீறினது?"

"கொழும்பு எடுக்கச் சொன்னது" என்றாள் குணலட்சுமி. "நாப்பத்தொரு இடம். நான் என்ன செய்யிறது? என்னை வந்து கேட்டால்?" குரல் உயர்ந்தது. அவளுக்கு மக்டலீன்மேலேயே கோபம் வந்தது. அந்த மெலிந்த கழுத்தின்மேல், அதிலே தொங்கிய சிலுவைமேல், மூன்று கிழமை பட்டினியில் ஐந்து மைல் நடந்து வந்து தேத்தண்ணி ஊற்றித் தருகிற கையின்மேல்.

"ஒரு பொட்டுத்தானே அம்மா. ஒரு பொட்டு மை. வைச்சு விடுங்கோவன்."

"மொத்தம் கூடும்."

மக்டலீன் படத்தைப் பார்த்தாள். அவளுக்குப் படம் வாசிக்கத் தெரியாது. "இதிலை நாங்கள் எங்கை இருக்கிறம்?"

குணலட்சுமி கரையைக் காட்டினாள்.

"நீங்கள் இருக்கிற இணுவில்?"

அதையும் காட்டினாள். ஏன் காட்டினாள் என்று பிறகு பல தடவை யோசித்தாள். கேட்ட உடனே விரல் போய்விட்டது.

இணுவிலில் ஒரு புள்ளி இருந்தது. மக்டலீன் அதை வெகு நேரம் பார்த்தாள். "உங்கடை முகாமிலை எத்தினை பேர்?"

குணலட்சுமி விரலைப் படத்திலிருந்து எடுத்தாள்.

மக்டலீன் தன் அரைவிரலைக் கரையில் வைத்து, பட்டணத்தினூடாக, காங்கேசன்துறை வீதி வழியே, கொக்குவில், கோண்டாவில் என்று மெதுவாக மேலே இழுத்து, இணுவிலில் நிறுத்தினாள்.

"இவ்வளவு கிட்டவோ" என்றாள். "நடந்தே வரலாம்."

பேணியை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஆறு நாளாயிற்று.

*

பத்தாவது பிரதிக்குமுன் குணலட்சுமி தழும்பை மீண்டும் சுரண்டினாள். கண்ணாடியைச் சாம்பலால் தேய்த்துக் கழுவினாள். மஞ்சள் தாளை இருட்டறையிலேயே இரண்டு பக்கமும் துணியால் துடைத்தாள். ஈ, எறும்பு, தூசி, ஒன்றும் இல்லை. முற்றத்தில் கொண்டுபோய் வைத்து, மூன்று நிமிடமும் பக்கத்தில் நின்று கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்திரை பிறக்க இரண்டு நாள். சூரியன் நேரே உச்சிக்கு ஏறும் காலம். பிரதி எடுக்க இதைவிட நல்ல காலம் இல்லை. கோடு மங்காது, எதன் நிழலும் பக்கத்தில் சாயாது. வேலியோரத்துப் பூவரசின் நிழல்கூட அதன் காலடியில் சுருண்டு கிடந்தது. ஒரு காகம்கூடக் கரையவில்லை. வெயில் மட்டும் காதுக்குள் இரைந்தது.

அப்போது மணந்தது. உரும்பிராயில் கடல் இல்லை. செம்மண்ணும் வெங்காயமும் புகையிலையும்தான். ஆனாலும் மணந்தது, கரையில் ஒதுங்கி வெயிலில் அழுகும் சாதாளைப் பாசியும், காயாத வலையும். முன் வீதியால் எதுவோ போனது போல. திரும்பிப் பார்த்தாள். வீதியில் ஒருவரும் இல்லை.

குழாயிலிருந்து தாளை உருவினாள். கரையில் புள்ளி இல்லை.  அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மூலப்படத்தையும் பிரதியையும் பக்கத்தில் வைத்து வடக்கே விரலை ஓட்டினாள்.

வண்ணார்பண்ணையில், வீதியின் கோட்டுக்குமேல், ஒரு புள்ளி கூடுதலாக இருந்தது.

அவள் ஒருபோதும் வீதியில் புள்ளி வைப்பதில்லை. வீதியில் யாரும் குடியிருப்பதில்லை.

கவராயத்தை எடுத்து அளந்தாள். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம். கரையிலிருந்து இரண்டு அங்குலம்.

"சேர்." உள்ளறை வாசலில் போய் நின்றாள். "குருநகர் வலைக்கொட்டிலைப் பற்றி ஏதும் தெரியுமோ?"

அருளம்பலம் நிமிரவில்லை. "விதானையார் நேற்று வந்தவர். கொட்டில் வெறுமையாம். பாய், அடுப்பு, பேணி எல்லாம் கிடந்தபடி கிடக்காம். சனம்தான் இல்லையாம்."

"எங்கை போனவை?"

"ஆருக்குத் தெரியும்? வள்ளம் ஒண்டும் குறையேல்லை. கரையிலை பிரேதமும் ஒதுங்கேல்லை."

"நூத்தி நாலு பேர் எழும்பிப் போறதை ஒருத்தரும் காணேல்லையோ?"

"கணக்கிலை இல்லாத சனம் பிள்ளை. ஆர் தேடுறது?" பேனையை மூடினார். "நூறு நிறையாத இடங்களைத்தானே எடுத்தது. உந்தக் கொட்டில் ஏன் விடுபட்டதெண்டு விதானையார் கேட்டார். கொழும்பு செய்தது எண்டு சொன்னன்." இப்போதுதான் நிமிர்ந்தார். "அப்பிடித்தானே?"

"ஓம்" என்றாள்.

மேசைக்குத் திரும்பினாள். மேசையில் பேணி எதுவும் இல்லை. மக்டலீன் வராத நாளிலிருந்து தேத்தண்ணியும் இல்லை. ஆனாலும் அவள் குனிந்து கவராயத்தை எடுத்தபோது காதருகே அந்தச் சத்தம் கேட்டது.

டிக்.

*

பதினோராவது பிரதி எடுத்த நாளில் அவள் இரண்டு காரியம் செய்தாள்.

முதலில் கரையில் புள்ளியைத் திருப்பி வைக்கப் பார்த்தாள். மொத்தம் கூடினால் கூடட்டும். பேனையை நிமிர்த்திப் பிடித்து, தழும்பின்மேல் தொட்டாள். சுரண்டிய தாள் மையைப் பிடிக்கவில்லை. மை வேர்விட்டுப் பரவியது, சிலந்திபோல. ஒற்றினாள். மறுபடி தொட்டாள். மறுபடி பரவியது. அந்த இடம் ஒரு கறையாயிற்று. ஆனால் பிரதியில் அந்தக் கறை விழவில்லை. அவ்வளவு மை இருந்தும் வெயில் அதை ஊடுருவிப் போயிருந்தது. கரை வெள்ளையாக, ஆளில்லாமல் கிடந்தது.

புள்ளி கோண்டாவிலைத் தாண்டியிருந்தது.

அது இப்போது முன்போல வட்டமாக இல்லை. பெரிதாக்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். அது ஒற்றைப் புள்ளி இல்லை. மிக நுண்ணிய பல புள்ளிகள், தூசியைவிடச் சின்னவை, ஒன்றையொன்று நெருங்கி, இரண்டு இரண்டாக, வீதியின் அகலத்துக்குள் அடங்கி. எந்தப் பேனையாலும் அவ்வளவு சின்னதாக வைக்க முடியாது. அவள் எண்ணவில்லை. எண்ணினால் எத்தனை வரும் என்று தெரியும்.

இரண்டாவது காரியம், அவள் தாளோடு கதைத்தாள்.

"என்னட்டை ஏன் வாறியள்?" பல்லுக்குள்ளால், அருளம்பலத்துக்குக் கேட்காமல். "நானோ கடிதம் எழுதினது? நாப்பத்தொண்டைச் சுரண்டு எண்டு சொன்னவனிட்டைப் போங்கோ. ஏசி அறையிலை இருக்கிறான். அங்கை போய் நில்லுங்கோ. என்ரை பிள்ளையின்ரை கஞ்சிக்குத்தானோ உங்களுக்கு வழி தெரிஞ்சது?"

சொல்லி முடிக்கும்போதே அதற்குப் பதில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கொழும்புக்குக் கடல் தாண்ட வேண்டும், காவலரண்கள் தாண்ட வேண்டும், அனுமதிப் பாஸ் வேண்டும். பசித்த சனம் நடந்து போகக்கூடிய இடத்துக்குத்தான் நடக்கும்.

வழி காட்டியதும் அவள்தான்.

*

வருடம் பிறந்து இரண்டாம் நாள் கந்தோர் திறந்தது. மஞ்சள் தாள் ஒன்றுதான் இருந்தது.

குணலட்சுமி அதைத் தொடுமுன் மூலப்படத்தை மேசையில் விரித்தாள். பிளேட்டை முறித்தாள். இணுவில் பாடசாலைப் புள்ளியின்மேல் மூலையை வைத்தாள். சுரண்டினால் போதும். தொண்ணூற்றாறு பேர். நூறு நிறையாது. விதிப்படி போக வேண்டியது. நாற்பத்தொன்றும் கொழும்பினுடையதாகிவிடும். கரையில் தழும்புக்குப் பக்கத்தில், நல்ல தாளில், ஒரு புதுப் புள்ளி. மொத்தமும் சரியாக வரும். கப்பல் நாளைக்கு.

  கோபம் மட்டும் இருந்தது, கல்லுப்போல. நான்கு பேர் குறைவென்று ஒரு குழந்தையைப் பட்டினி போடச் சொல்லும் விதிமேல். அந்த விதியை அவள் கையாலேயே செய்விக்கிறவர்கள்மேல். அரைவிரலால் வீதியை இழுத்துப் பார்த்த அந்த மனிசிமேல். கண்ணுக்குள் அருந்ததியின் விலா எலும்பு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணக்கூடியதாக.

"மாட்டன்" என்றாள்.

பிளேட்டை வைத்துவிட்டாள்.

பிரதியை எடுத்தாள். முற்றத்தில் அன்றைக்கு எதற்கும் நிழல் இல்லை. பூவரசுக்கு, கிணற்றுக்கட்டுக்கு, அவளுக்கு. சூரியன் நேரே தலைக்கு மேலே. மூன்று நிமிடம். கடல் மணம் வரவில்லை. வீதி வெறுமையாக இருந்தது. இங்கே இனி வரமாட்டார்கள் என்பதுபோல. வந்து, கடந்து, போய்விட்டார்கள் என்பதுபோல.

பத்து நிமிடம் குழாயடியில் குந்தியிருந்தாள்.

உருவினாள்.

இணுவிலில் இரண்டு புள்ளிகள் இல்லை. ஒன்றுதான் இருந்தது. பெரிது. அவள் வைத்த புள்ளியும் வந்த புள்ளிகளும் ஒன்றுக்குள் ஒன்று ஏறி, ஊதாவாக, ஊறி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரம் இன்னும் கொஞ்சம் பரவியது.

"பிள்ளை, பன்னிரண்டும் முடிஞ்சுதோ?" என்று அருளம்பலம் கேட்டார். "பிள்ளை? எங்கை ஓடுறாய்?"

சைக்கிள். செம்மண் ஒழுங்கை. சேலை சங்கிலியில் பட்டுக் கிழிந்தது. நிற்கவில்லை. தோட்டத்தில் நின்ற ஒருவர் எதையோ கேட்டார். நிற்கவில்லை. இரண்டு மைல் தூரமும் மரங்கள் நிழலில்லாமல் நின்றன. தொண்டைக்குள் அமோனியா எரிந்தது. மருதனார்மடச் சந்தி. இடது பக்கம். பாடசாலை மதில். படலை திறந்தே கிடந்தது.

உள்ளே அமைதி.

தொண்ணூற்றாறு பேர் இருக்கும் முற்றத்தில் மத்தியான நேரம் அவ்வளவு அமைதி இருக்காது. கோப்பைச் சத்தம் இருக்கும். குழந்தைகளின் சண்டை இருக்கும். இப்போது எல்லோரும் வெறும் மணலில் வரிசையாக இருந்தார்கள். முன்னால் கஞ்சிக் கோப்பைகள். ஒருவரும் குடிக்கவில்லை. ஒருவரும் பேசவில்லை. இடையிடையே இடம் விட்டு இருந்தார்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே ஓர் ஆள் இருக்கும் அளவு இடம்.

தியாகராசா கஞ்சிக் கிடாரத்தடியில் அகப்பையோடு நின்றார். அவளைக் கண்டதும் நிம்மதிப்பட்டவர்போல வந்தார். 

"லட்சுமி, அளந்துதான் போட்டனான்" என்றார். மெதுவாக, யாருக்கோ கேட்டுவிடும் என்பதுபோல. "தொண்ணூற்றாறு பேருக்குத்தான் போட்டனான். ஊத்த ஊத்தக் குறையுது. இருநூறு பேருக்குப் போன மாதிரி. சரியா இருநூறு."

அவள் அவரைப் பார்க்கவில்லை. மணலைப் பார்த்தாள்.

உச்சி வெயில். இருந்தவர்களுக்கு நிழல் இல்லை. தொண்ணூற்றாறு பேரில் ஒருவருக்கும் இல்லை. ஆனால் விட்டு வைத்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிழல் கிடந்தது. மாலை நேர நிழல்கள்போல நீண்டு, மெலிந்து, குந்தியிருந்த நிழல்கள். சின்னவையும் இருந்தன. வெயில் படாத இடங்கள். அங்கே வெயிலை எதுவோ மறித்துக்கொண்டிருந்தது.

அருந்ததி கடைசி வரிசையில் இருந்தாள். கைகள் மடியில். கண்கள் கோப்பையில். கோப்பையில் கஞ்சி இறங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக. ஒரு விரல் அளவு. அரை விரல் அளவு. அவள் அதைத் தொடவில்லை.

"பிள்ளை" என்றாள் குணலட்சுமி. 

கோப்பையின் அடித்தகரம் தெரிந்தது. டிக் என்று ஒரு சின்னச் சத்தம்.

குழந்தை பழக்கத்தில் கோப்பையை எடுத்து, தலையில் கவிழ்த்துக்கொண்டது. ஒரு துளியும் வடியவில்லை. தாயை நிமிர்ந்து பார்த்தது. சிரிக்கவில்லை.

கோப்பை இருந்த இடத்தை நிழலின் கை தடவியது. நான்கு விரல்கள், ஓர் அரைவிரல். மணலில் ஒன்றும் கிடைக்கவில்லை. கை அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு நீண்டது. குழந்தையின் முழங்காலில் ஏறி, மடிக்கு வந்து, அங்கே கிடந்த சின்னக் கையை எடுத்தது. ஒவ்வொரு விரலாக, மெலிந்ததா கொழுத்ததா என்று, தொட்டுப் பார்த்தது.